சாம்பிள் சார்

எங்கள் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரை நான் இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் ஒரு பிள்ளைக்காவது ஓடக் கற்றுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. நான் இங்கே அலுவலக எழுத்தர். வகுப்புகளின் வருகைப் பதிவேடுகள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வந்து சேரும். என் ஜன்னலுக்கு நேர் எதிரே வாசல் கேட். அதனால் காலை எட்டரை மணி ஆனால், வேண்டாம் என்றாலும் அந்த மனிதரின் முகத்தைத்தான் நான் பார்த்தாக வேண்டும். என் தலையெழுத்து.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளிக்கு ஒரு மைதானம் இருந்ததாம். நான் வந்த வருடமே அதில் பாதி இடத்தில் ஆய்வகம் கட்டிவிட்டார்கள். மீதி இடத்தில் இப்போது பள்ளிப் பேருந்துகள் நிற்கின்றன. மைதானம் இல்லாத உடற்பயிற்சி ஆசிரியர் என்றால் வேறு யாராவது கொஞ்சம் கூச்சப்பட்டிருப்பார்கள். இவர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நேராகக் கேட்டுக்குப் போய் நின்றுவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அதுதான் அவருடைய ராஜ்ஜியம்.

வாலிப வயதில் ஏதோ ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்திருக்கிறார். அந்தக் கதையைப் புதிதாகச் சேரும் ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு முறை கேட்டே ஆக வேண்டும். “ஷூ லேஸ் மட்டும் அவுறலன்னா நான்தாங்க ஃபர்ஸ்ட்டு” என்பார். மூன்றாவதாக வந்தவனுக்கு இவ்வளவு ஜம்பமா என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. அந்த ஒரு லேஸுக்காக இருபது வருடமாக ஊரார் பிள்ளைகளின் காலைக் குனிந்து குனிந்து பார்க்கிறார். அவருடைய கான்வாஸ் ஷூவில் இடது கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்ப்பது மட்டும் அவர் கண்ணில் படாது.

பத்து வருடத்துக்கு முன் நிர்வாகக் குழுவுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. பாவாடைக்கும் பேன்ட்டுக்கும் கருநீலம் என்று நிறத்தை மாற்றினார்கள். ஒரே ஒரு கடையில்தான் துணி வாங்க வேண்டும். அந்தக் கடைக்காரர் உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். ‘இதுதான் சாம்பிள், இதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அதைத் தூக்கி இவரிடம் கொடுத்துவிட்டார்கள். பிரியாமல் இருக்க இவர் மனைவி அதை நான்கு பக்கமும் நன்றாக மடித்துத் தைத்துக் கொடுத்தார். மனிதர் அதைச் சட்டைப்பையில் வைத்தவர் வைத்தவர்தான். பிள்ளைகள் அவருக்குச் சாம்பிள் சார் என்று பெயர் வைத்தார்கள். அவர் அதையும் ஒரு பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டார்.

அவர் சோதிக்கும் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். பிள்ளையை வெயிலில் நிறுத்துவார். துண்டை எடுத்துப் பாவாடைமேல் வைப்பார். ஒரு கண்ணை மூடிக்கொள்வார். வைரம் மதிப்பிடுகிறவன்கூட அவ்வளவு நேரம் எடுக்க மாட்டான். பிறகு வாயிலிருந்து மூன்று வார்த்தைகளில் ஒன்று வரும். “ஓகே.” “லைட்டு.” “டார்க்கு.” ஓகே என்றால் உள்ளே. மற்ற இரண்டுக்கும், “வீட்டுக்குப் போயி மாத்திக்கிட்டு வா.” ஒன்பது மணிக்குப் பதிவேட்டை மூடிவிடுவார்கள். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவதற்குள் மணி பத்தாகிவிடும் என்பதால் யாரும் திரும்பி வருவதில்லை. கேட் வரை வந்த பிள்ளைக்கு ஆப்சென்ட். போடுவது வகுப்பாசிரியர். மாதக் கடைசியில் அதைக் கூட்டி எழுதுவது நான்.

இந்த லட்சணத்தில் எங்கள் பள்ளிக்கு மூன்று வருடம் தொடர்ந்து கேடயம். ‘நூறு சதவீதச் சீருடை.’ சோதிக்க வருகிற அதிகாரி வகுப்பறைக்குள்தான் எட்டிப் பார்ப்பார். உள்ளே இருக்கிற எல்லாரும் சரியான சீருடையில் இருப்பார்கள். இல்லாதவர்கள் உள்ளேயே இல்லையே! இந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் எங்கள் தலைமையாசிரியை மேடையில் ஒழுக்கம் என்று சொல்வார். சாம்பிள் சாரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. ஒவ்வொரு வருடமும் புதுச் சீருடை போட்டு வரும் பிள்ளைகள்தான் அதிகமாக மாட்டிக்கொண்டார்கள். “டார்க்கு, டார்க்கு” என்று அனுப்பிக்கொண்டே இருப்பார். பெற்றோர் தங்களுக்குள் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பள்ளி திறப்பதற்கு முன்பே புதுத் துணியைச் சோடா போட்டு ஏழெட்டுத் தடவை துவைத்து, மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டு, கொஞ்சம் வெளுத்த பிறகுதான் பிள்ளைக்குப் போடுவார்கள். காசு கொடுத்து வாங்கியதைத் தாங்களே கெடுத்துக்கொள்வது. ஏன் என்று ஒருவர் கேட்டதில்லை. பட்டம் வாங்கின ஆசிரியர்கள் முப்பது பேர் அந்தக் கேட் வழியாகத்தான் தினமும் வந்து போனார்கள். நானும்தான்.

போன வருடம் பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அப்பா இல்லை. அம்மாவுக்கு இந்த ஊர் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை கிடைத்ததால் இடம் மாறி வந்திருந்தார்கள். ஊருக்குப் புதுசு என்பதால் சோடா வித்தையெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. பள்ளி சொன்ன அதே கடையில், பள்ளி சொன்ன அதே துணியை வாங்கி, மடிப்புக் கலையாமல் தைத்துப் போட்டிருந்தாள். முதல் நாளே, “டார்க்கு.”

அம்மாவுக்குக் காலை ஆறு மணிக்கு வேலை. மகள் எட்டரைக்குக் கேட்டுக்கு வந்து, ஒன்பதுக்குள் வீட்டுக்குத் திரும்பி, பூட்டைத் திறந்து, தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மா சிரமப்பட்டு வாங்கின துணி, தப்பென்று எப்படிச் சொல்வது என்று சொல்லவே இல்லை. அதுவோ நல்ல துணி, சோடா போடாமல் என்ன துவைத்தாலும் சாயம் போகவில்லை. மேகம் மூடிய நாளில் மட்டும் சாம்பிள் சாருக்கு நிறம் பிடிபடாது, அன்றைக்கு உள்ளே வந்துவிடுவாள். ஒரு பிள்ளையின் படிப்பு வானிலையைப் பொறுத்து நடந்துகொண்டிருந்தது.

ஐம்பது ஆப்சென்ட் ஆனதும் வீட்டுக்கு ஒரு கடிதம் போகும். அது நான் அனுப்புவது. இருநூறு வேலை நாளில் நூற்றைம்பது நாள் வந்திருந்தால்தான் பொதுத் தேர்வு எழுதலாம் என்று அதில் அச்சடித்திருக்கும். பத்தாவது நாளில் அனுப்பினால் என்ன என்று கேட்பீர்கள். வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

கடிதம் கிடைத்த மறுநாள் அந்த அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கை இரண்டும் சலவைத்தூளில் வெந்து வெளிறிப் போயிருந்தன. தலைமையாசிரியையின் அறையில் அவரும் மகளும் நின்றார்கள். பதிவேட்டோடு நானும், கழுத்தில் விசிலோடு சாம்பிள் சாரும் நின்றோம்.

“என் பொண்ணு தெனமும் ஸ்கூலுக்குத்தான் கிளம்பறா. எப்படிங்க அம்பது நாள் ஆப்சென்ட்?”

“யூனிஃபார்ம் கலர் தப்பும்மா” என்றார் சாம்பிள் சார். துண்டை எடுத்து அந்தப் பெண்ணின் பாவாடைமேல் வைத்துக் காட்டினார். “பாருங்க, எவ்ளோ டார்க்குன்னு. கண்ணு இருக்கறவங்களுக்குத் தெரியும்.”

அந்த அம்மா பாவாடையைப் பார்க்கவில்லை. துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “சார், அத இப்படிக் குடுங்க.”

“அதெல்லாம் வெளியாளுங்க கையில தர முடியாதும்மா.”

“குடுங்க சார், என்ன ஆயிடப்போவுது” என்றார் தலைமையாசிரியை. அவருக்கு டீ ஆறிக்கொண்டிருந்தது.

அம்மா அதை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். “எத்தன வருஷமா இது உங்க பையில இருக்கு?”

“ஒம்பது வருஷம்” என்றார் அவர், மகன் பட்டம் வாங்கினதைச் சொல்வது போல.

“தண்ணில பட்டிருக்கா?”

“சட்டையோட சேந்து எப்பவாவது போயிருக்கும். அதுக்கென்ன இப்ப?”

அம்மா என் பக்கம் திரும்பி, “ஒரு பிளேடு குடுங்கம்மா” என்றார். பென்சில் சீவ வைத்திருந்ததைக் கொடுத்தேன். சாம்பிள் சார், “ஏய், ஏய்” என்று கையை நீட்டுவதற்குள் ஓரத்துத் தையலில் நாலு இழையை அறுத்து, மடிப்பை விரித்துவிட்டார். வெளியே தெரிந்ததெல்லாம் மழைத் தண்ணீர் மாதிரி ஒரு சாம்பல் நீலம். மடிப்புக்குள் ஒன்பது வருடமாக வெயிலே படாமல் இருந்த ஓரம், விரற்கடை அகலத்தில், கருகருவென்று இருந்தது. அதை மகளின் பாவாடைமேல் வைத்தார். எது துண்டு, எது பாவாடை என்று தெரியவில்லை.

“இதான் சார் உங்க கலரு. மத்ததெல்லாம் உங்க வேர்வையில போனது. ஆஸ்பத்திரித் துணி தெனமும் ஆயிரம் துவைக்கறேன், எனக்குத் தெரியாதா?”

எனக்கு அந்த நிமிஷம் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. சாம்பிள் சார் பேய் முழி முழித்தார். ஒன்பது வருடம், எத்தனை பிள்ளைகள், எத்தனை நாள்! அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“மடிப்புக்குள்ள இருக்கறத நான் எப்படிங்க பாக்க முடியும்?”

இனிமேல் அந்தப் பெண்ணை நிறுத்தக் கூடாது என்று தலைமையாசிரியை சொன்னார். போன ஐம்பது நாளுக்கு என்ன வழி என்று அம்மா கேட்டார். நிறுத்தியது தவறு என்று சாம்பிள் சார் எழுதிக் கொடுத்தால் பதிவேட்டைத் திருத்தலாம் என்று நான் சொன்னேன். சாம்பிள் சார் நிமிர்ந்து நின்றார்.

“அன்னிக்கு இருந்த சாம்பிள்படி நான் சரியாத்தான் பாத்தேன். தப்புன்னு எப்படி எழுதறது?”

தலைமையாசிரியைக்கு அது நியாயமாகப் பட்டது. அவரே ஒரு யோசனையும் சொன்னார். “ஒண்ணு பண்ணுங்கம்மா. நீங்க ஆஸ்பத்திரிலதானே இருக்கீங்க? பொண்ணுக்குக் காய்ச்சல்னு டாக்டர்கிட்ட ஒரு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க. சில நாளத் தள்ளுபடி பண்ணிடலாம்.”

“வராத நாளுக்குத்தாங்க சீட்டு. வந்த நாளுக்கு எதுக்குச் சீட்டு?” என்றார் அந்த அம்மா. “என் பொண்ணுக்கு ஒரு காய்ச்சலும் வரல. பொய்ச் சீட்டு வாங்கித்தான் அவ பரீட்ச எழுதணும்னு ஒண்ணும் இல்ல.”

நான் கணக்குப் பார்த்துச் சொன்னேன். இனி ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தால் சரியாக நூற்றைம்பது வரும். ஒன்று குறைந்தாலும் அந்த வருடம் போச்சு. அந்தப் பெண் முதன்முறையாக வாயைத் திறந்து, “வந்துடுவேன் மிஸ்” என்றாள்.

மறுநாள் காலை நான் வந்தபோது கேட்டுக்கு வெளியே தெருவே கொள்ளாத கூட்டம். என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன். சாம்பிள் சார் புது உற்சாகத்தில் இருந்தார். வீட்டுக்குப் போய் நான்கு பக்க மடிப்பையும் பிரித்து, உள்ளே இருந்த கருநீல ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஓர் அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். இப்போது அதுதான் சாம்பிள். அதன்படி, ஒன்பது வருடமாக அவர் ஓகே சொன்ன அத்தனை பேரும் தப்பு.

“லைட்டு. லைட்டு. நீயும் லைட்டு. ஒட்டுமொத்தமா ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கீங்க!”

சோடா போட்டுத் துவைத்த பிள்ளைகள், அண்ணன் பேன்ட்டை வெட்டிப் போட்ட பிள்ளைகள், மூன்று வருடம் முதல் வரிசையில் நின்று கேடயத்தோடு படம் பிடித்துக்கொண்ட பிள்ளைகள், எல்லாரையும் திருப்பி அனுப்பினார். அறுநூற்று நாற்பது பேரில் அன்றைக்கு உள்ளே வந்தது இருபத்தெட்டு பேர். பத்தாம் வகுப்பு ‘பி’யில் ஒரே ஒருத்தி. அவளைப் பார்த்ததும் சாம்பிள் சார் அட்டையை வைத்துக்கூடப் பார்க்கவில்லையாம். “ஓகே, ஓகே” என்று கையைக் காட்டிவிட்டாராம்.

அன்று காலை முழுக்கக் கணக்கு ஆசிரியர் அந்த ஒரு பெண்ணுக்குப் பாடம் நடத்தினார். ஐம்பது நாள் விட்டுப்போன சந்தேகங்களையெல்லாம் அவள் வரிசையாகக் கேட்டாள். இத்தனை வருட வேலையில் இன்றைக்குத்தான் பாடம் நடத்தின மாதிரி இருக்கிறது என்று அவர் என்னிடம் வந்து சொன்னார். பதிவேட்டில் அந்த நாள் கட்டத்தில் நாற்பத்திரண்டு ஆப்சென்ட்டுக்கு நடுவே அவள் வந்ததற்கு ஒரே ஒரு ‘வ’.

மதியம் தலைமையாசிரியைக்குத்தான் முதலில் உறைத்தது. இந்த எண்ணிக்கை மாத அறிக்கையில் போனால் கேடயம் போகும், விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். என்னைக் கூப்பிட்டார். சாம்பிள் சாரும் உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

“இன்னிக்குக் குடிதண்ணிக் குழாய் ரிப்பேர்னு லீவு போட்டுடலாம். எல்லா ரிஜிஸ்டர்லயும் குறுக்கால கோடு போட்டு ‘விடுமுறை’ன்னு எழுதிடுங்க.”

“மேடம், அந்தப் பத்தாங்கிளாஸ் பொண்ணுக்கு இன்னிக்கு ஒரு நாள் கணக்கு போயிடும். அவளுக்கு நூத்தம்பது வராது.”

“ஒரு பொண்ணுக்காக அறுநூறு பேருக்கு ஆப்சென்ட் போடச் சொல்றீங்களா?”

அறுநூறு பேரை வெளியே தள்ளும்போது இந்தக் கரிசனம் எங்கே போயிருந்தது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், போயும் போயும் சாம்பிள் சாரிடம் திரும்பினேன். “சார், நீங்கதானே அவள உள்ள விட்டீங்க. அவ வந்தான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க.”

அவர் நிதானமாகப் பதில் சொன்னார். “லீவு நாள்ல வந்தா அது வருகை ஆகாதுங்க. ஆனா ஒண்ணு சொல்லணும், லீவு நாள்லகூட கரெக்ட்டா யூனிஃபார்ம் போட்டு வந்திருக்கு பாருங்க, அதப் பாராட்டணும்.”

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனமாரச் சொல்கிறார். அந்த ஆளை எனக்கு அதுவரை பிடிக்காது, அவ்வளவுதான். அன்றிலிருந்து பார்த்தாலே குமட்டுகிறது. ஆனால் சிவப்பு மையை எடுத்துக் கோடு போட்டது நான். அந்த ‘வ’ மேலேயும் நேராகத்தான் போட்டேன்.

அவளிடம் உடனே சொல்லவில்லை. மழைக்கு விடுமுறை விட்டால் ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள், அதில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு சனிக்கிழமை வரவே இல்லை. அவள் மட்டும் தவறாமல் வந்தாள். ஒரு நாள் கால் சுளுக்கி நொண்டிக்கொண்டு வந்தாள். ஒரு நாள் காய்ச்சலோடு வந்து கடைசி பெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொண்டு கிடந்தாள்.

நுழைவுச்சீட்டு கொடுக்கும் நாளில் ஜன்னலுக்கு வந்தவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. நூற்று நாற்பத்தொன்பது.

“இல்ல மிஸ், நூத்தம்பது. நான் எண்ணி வச்சிருக்கேன்.” நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். ஐந்தைந்தாகக் கோடுகள். “கணக்கு சார் எனக்கு மட்டும் பாடம் எடுத்தாரே, அந்த நாள விட்டுட்டீங்களா?”

“அன்னிக்கு லீவும்மா” என்றேன். சாம்பிள் சாரைப் பற்றி இவ்வளவு நீட்டி முழக்குகிற இதே வாயால்தான் சொன்னேன். அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் மதியம், கடைசி நேரத்தில், அவளுடைய அம்மா வந்தார். வேலைக்கு நடுவே ஓடி வந்திருக்கிறார், முன்புறமெல்லாம் ஈரம். என் மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்தார். மருத்துவமனை முத்திரையோடு, மகளுக்கு ஒரு நாள் கடும் காய்ச்சல் என்று மருத்துவர் எழுதின சான்றிதழ். அதை வைத்த கையை உடனே எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஏதோ கையெழுத்துக்காக வந்திருந்த சாம்பிள் சார் எட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். “இதத்தானேம்மா அன்னிக்கே சொன்னோம். முறைப்படி வந்தா நாங்க ஏன் தடுக்கப்போறோம்?”

அந்த அம்மா அவர் பக்கமே திரும்பவில்லை. நான் காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எந்த நாள் காய்ச்சல் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“தேதி போடலையேம்மா. எந்த நாள்னு எழுதறது?”

“நீங்களே ஏதாவது ஒண்ணு போட்டுக்கோங்க. எந்த நாளப் போட்டாலும் அன்னிக்கு அவ வந்துதான் இருந்தா.”